ஓசையை மறைக்கும் கருவியும் ஓசையை நம்பி வாழும் மலையகமும்

ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கிக்கான ஒலியடக்கி ஒன்றை வாங்குவோர் அரசாங்கத்திற்குச் செலுத்த வேண்டியிருந்த 200 டொலர் வரி, 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பூச்சியமாக்கப்பட்டுள்ளது. 1934ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன்கள் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட இந்த வரி, தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு டொலர்தானும் கூடாமலும் குறையாமலும் நிலைத்திருந்தது. 2025 ஜூலை 4ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்ட வரிச் சட்டமே அதனை அகற்றியது. கருவியைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கடப்பாடு அங்கு இன்னமும் நீடிக்கின்ற போதிலும், அதனையும் நீக்க வேண்டும் என்ற குரல் ஓயவில்லை. ஐக்கிய இராச்சிய அரசாங்கமும் 2025 ஜூன் மாதத்தில், ஒலியடக்கிகளைத் தனி உரிமப் பட்டியலிலிருந்து விடுவிக்கும் தனது எண்ணத்தை அறிவித்தது.

வாஷிங்டனிலும் லண்டனிலும் எடுக்கப்படும் இத்தகைய தீர்மானங்கள் கம்பளை நகரத்தில் கடை வைத்திருப்பவருக்கோ, புசல்லாவையில் கொழுந்து பறிப்பவருக்கோ, உலப்பனையில் வாழையும் மிளகும் பயிரிட்டவருக்கோ சம்பந்தமற்றவையாகத் தோன்றலாம். ஆனால் நமது நாட்டில் துப்பாக்கிகளை ஆளும் அடிப்படைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். பிரித்தானியர் வகுத்து, பின்னர் பல தடவைகள் திருத்தப்பட்ட அச்சட்டத்திற்கு இப்போது நூற்றுப்பத்து வயதாகிறது. ஆங்கிலேய மரபில் வந்த சட்டங்களைத் திருத்தும்போது ஆங்கிலேய நாடுகளின் முன்மாதிரிகளை எடுத்துக் காட்டுவது நமது வழக்கம். அந்நாடுகள் எந்தச் சூழலில், எந்தக் காரணத்திற்காக ஒரு கதவைத் திறந்தன என்பதை அறியாமல், அக்கதவை நாமும் திறந்துவிடக் கூடாது. அதனால்தான் இந்தப் பொருளை முன்கூட்டியே ஆராய்வது அவசியமாகிறது.

முதலில், ஒலியடக்கி என்பது யாது என்பதைப் பார்ப்போம். சினிமாவில் காட்டப்படுவது போல் துப்பாக்கியை ஊமையாக்கிவிடும் மந்திரக் குழாய் அல்ல அது. துப்பாக்கி வெடிக்கும்போது ரவையின் பின்னால் அதிவெப்பமும் அழுத்தமும் கொண்ட வாயு குழலின் வாயிலிருந்து ஒரே கணத்தில் பீறிட்டு வெளியேறுகிறது. நாம் கேட்கும் பேரோசையின் பெரும்பகுதி அதுவே. குழல்வாயில் பொருத்தப்படும் ஒலியடக்கி, தன்னுள்ளே அடுத்தடுத்து அமைந்த தடுப்புத் தட்டுகளுக்கிடையே அந்த வாயுவைச் சுழலவிட்டு, அதன் வேகத்தையும் வெப்பத்தையும் தணித்து, சற்றே தாமதமாக வெளியேற்றுகிறது. மோட்டார் வாகனத்தின் புகைபோக்கியில் உள்ள சைலன்சர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கான காப்புரிமையைப் பெற்ற ஹிராம் பேர்சி மக்சிம், வாகனச் சைலன்சர்களையும் உருவாக்கியவர். அவரது தந்தையார் ஹிராம் மக்சிம்தான் இயந்திரத் துப்பாக்கியை உலகுக்குத் தந்தவர் என்பது வரலாற்றின் விசித்திரம்.

எனினும் வாயுவின் ஓசையை அடக்கினாலும் ரவையின் ஓசையை அடக்க இயலாது. சாதாரண ரைபிளின் ரவை விநாடிக்கு 700 முதல் 900 மீற்றர் வரையான வேகத்தில் செல்கிறது. ஒலியின் வேகமோ சுமார் 340 மீற்றர் மட்டுமே. ஒலியை முந்திச் செல்லும் ரவை காற்றைக் கிழிக்கும்போது சவுக்கடி போன்ற ஓர் ஓசை எழுகிறது. அதனை எந்த ஒலியடக்கியாலும் தடுக்க முடியாது. ரைபிளின் வெடியோசை பொதுவாக 155 முதல் 170 டெசிபல் வரை இருக்கும். நல்லதொரு ஒலியடக்கி அதிலிருந்து 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. அதன் பின்னரும் எஞ்சுவது பெரும் ஓசைதான். ஆனால் அந்த ஓசை எங்கிருந்து வந்தது, அது துப்பாக்கியின் ஓசைதானா என்பதைக் கேட்பவரால் உடனடியாக உணர முடியாமற் போகிறது. விவகாரத்தின் மையம் இங்குதான் உள்ளது.

இக்கருவியைத் துப்பாக்கியுடன் எவ்வாறு இணைப்பது என்பதில் உலகில் பல முறைகள் உள்ளன. அவற்றை ஒப்பிடுவது வேட்டைக்காரரின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஒரு நாடு இக்கருவியைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இயலுமா, இயலுமெனில் எதனைப் பிடித்துக் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்கான விடை அந்த இணைப்பிலேயே தங்கியுள்ளது.

முதலாவது, நேரடித் திருகு இணைப்பு. குழலின் வாயில் வெட்டப்பட்ட புரியில் ஒலியடக்கியை போத்தலுக்கு மூடி திருகுவது போலத் திருகிவிடுவது. எளிமையானது, பாரம் குறைந்தது, விலையும் குறைவு. இடையில் வேறு பாகம் இல்லாததால் குழலும் கருவியும் ஒரே நேர்கோட்டில் அமைவதற்கு வாய்ப்பு அதிகம். குறைபாடு என்னவெனில், தொடர்ந்து சுடும்போது வெப்பத்தாலும் அதிர்வாலும் திருகு தளரலாம். தளர்ந்த கருவி சற்றே சாய்ந்தாலும் ரவை உள்ளே உள்ள தட்டில் மோதிக் கருவியைச் சிதைக்கும். சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் அது ஆபத்து. ஆகவே அடிக்கடி சரிபார்க்க வேண்டும். கழற்றிப் பூட்டவும் நேரமெடுக்கும்.

இரண்டாவது, துரித இணைப்பு. இதில் குழலின் வாயில் ஒரு சிறிய இடைப்பாகம் நிரந்தரமாக இருக்கும். அது சுவாலையை மறைக்கும் பாகமாகவோ, பின்னுதைப்பைக் குறைக்கும் பாகமாகவோ இருக்கலாம். ஒலியடக்கி அதன் மீது வந்து பூட்டிக்கொள்ளும். சில விநாடிகளில் மாட்டலாம், சில விநாடிகளில் கழற்றலாம். இராணுவங்கள் இதனை விரும்புவதற்குக் காரணம் அதுவே. ஆனால் பாகங்கள் கூடக்கூடப் பாரமும் விலையும் கூடுகின்றன. இரண்டு இணைப்புகள் உள்ள இடத்தில் கோணல் ஏற்படுவதற்கும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. கரி படிந்து பூட்டு இறுகிப்போவதும் உண்டு. ஒரே ஒலியடக்கியை, அதே இடைப்பாகம் உள்ள பல துப்பாக்கிகளில் மாறிமாறிப் பயன்படுத்தலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

மூன்றாவது, ஸ்கண்டிநேவிய நாடுகளின் வேட்டைக்காரரிடையே பரவலாகக் காணப்படும் முறை. கருவியின் ஒரு பகுதி குழல்வாய்க்கு முன்னால் நீண்டிருக்க, மறுபகுதி குழலைத் தழுவியபடி பின்னோக்கி வரும். இதனால் துப்பாக்கியின் மொத்த நீளம் அதிகம் கூடுவதில்லை. பாரமும் முன்பக்கம் சாய்வதில்லை. குழலின் மீது இன்னொரு தாங்குமிடமும் கிடைக்கலாம். ஆனால் குழலின் பருமனுக்கு ஏற்றதாக அது அமைய வேண்டும். எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது.

நான்காவது, குழலோடு ஒன்றாகவே செய்யப்படும் உள்ளிணைந்த அமைப்பு. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் இரகசியப் படைகளுக்காகத் தயாரித்த டி லைல் கார்பைன் இதற்குப் பெயர்போன உதாரணம். மிகவும் அமைதியானது. ஆனால் கழற்றி வேறு துப்பாக்கியில் பூட்ட முடியாது. பழுதடைந்தால் முழுத் துப்பாக்கியையுமே பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் ஐந்தாவதாக ஒரு போக்கும் உருவாகியுள்ளது. ஒலியடக்கியின் பின்புறத்தை எல்லா உற்பத்தியாளரும் ஒரே அளவான புரியுடன் செய்வதும், வாங்குபவர் தமக்கு விருப்பமான இணைப்புப் பாகத்தைத் தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்வதும் இப்போது பெருகி வருகின்றன. நுகர்வோருக்கு இது வசதி. சட்டத்திற்கோ இது தலைவலி.

ஏன் தலைவலி என்பதற்கு இந்த ஐந்தையும் சட்டத்தின் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும். உள்ளிணைந்த அமைப்பில் துப்பாக்கியும் ஒலியடக்கியும் ஒன்று. துப்பாக்கிக்கு இலக்கம் இருந்தால் ஒலியடக்கிக்கும் இலக்கம் உண்டு. உரிமையாளர் யார் என்பதில் ஐயமில்லை. நேரடித் திருகு முறையில், குழலில் புரி வெட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதே வாசற்கதவு. உரிமத்தைப் புதுப்பிக்க வரும்போது அதிகாரி ஒருவர் கண்ணால் பார்த்து அறியக்கூடிய அடையாளம் அது. துரித இணைப்பு முறையிலும், பொதுப் புரி முறையிலும் அந்த அடையாளம் மறைந்துவிடுகிறது. ஒரு கருவி பல துப்பாக்கிகளுக்கு வேலை செய்கிறது. கருவி ஒருவரிடம், இடைப்பாகம் இன்னொருவரிடம், துப்பாக்கி மூன்றாமவரிடம் இருக்கலாம். தனித்தனியே பார்த்தால் மூன்றும் வெறும் உலோகத் துண்டுகள். ஒன்று சேர்ந்தால் மட்டுமே ஆயுதம். ஆகவே எந்த நாட்டில் துப்பாக்கியின் பதிவு மட்டும் இருந்து, துணைக்கருவியின் பதிவு இல்லையோ, அந்த நாட்டில் இணைப்பு முறை முன்னேற முன்னேறச் சட்டம் பின்தங்கும்.

ஒலியடக்கிகளை ஆதரிப்போரின் வாதத்தையும் நேர்மையுடன் முன்வைக்க வேண்டும். அவர்களது முதல் வாதம் செவிப்புலன் பற்றியது. 140 டெசிபலுக்கு மேற்பட்ட திடீர் ஓசை ஒரே தடவையில் காதை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. காட்டில் வேட்டையாடுபவர் விலங்கின் அசைவைக் கேட்க வேண்டியிருப்பதால் காதை மூடிக்கொள்வதில்லை. அவருக்கும் அவரது நாய்க்கும் அயலவருக்கும் ஒலியடக்கி நன்மை செய்கிறது என்பது அவர்களது கூற்று. பின்லாந்திலும் நோர்வேயிலும் இது சாதாரண வேட்டைக் கருவியாகக் கருதப்படுகிறது. இரண்டாவது வாதம், பதிவுள்ள ஒலியடக்கிகள் குற்றங்களில் அரிதாகவே பயன்படுத்தப்படுகின்றன என்பது. இந்தக் கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அரிதாக இருப்பதற்குக் காரணம் கருவியின் குணமா, அல்லது தொண்ணூறு ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த பதிவா என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மறுபக்கத்தில், 2019 மே 31ஆம் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா பீச் நகரசபைக் கட்டடத்தில் 12 பேர் கொல்லப்பட்டபோது, கொலையாளி பயன்படுத்திய கைத்துப்பாக்கி ஒன்றில் ஒலியடக்கி பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே இருந்தவர்களில் சிலர் அதனை ஆணி அறையும் கருவியின் ஓசை என்று எண்ணினார்கள். ஓடுவதற்குக் கிடைக்க வேண்டிய சில விநாடிகள் அந்த மயக்கத்தில் கழிந்தன. 2024 டிசம்பர் 4ஆம் திகதி நியூயோர்க் வீதியில் காப்புறுதி நிறுவனத் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவத்திலும் ஒலியடக்கி பொருத்திய துப்பாக்கியே பயன்பட்டது.

அண்டை நாடான இந்தியா வேறொரு பாதையைத் தெரிந்தெடுத்துள்ளது. துப்பாக்கியின் ஓசையையோ சுவாலையையோ குறைப்பதற்காக வடிவமைக்கப்பட்ட துணைக்கருவிகளை, இந்திய ஆயுத விதிகள் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையிலேயே வைத்துள்ளன. ஐக்கிய இராச்சியத்தின் 1968ஆம் ஆண்டின் சுடுகலன்கள் சட்டம் அதே கருவியை முற்றாகத் தடை செய்யாமல், துப்பாக்கியைப் போலவே உரிமம் பெற வேண்டிய பொருளாக வகைப்படுத்தியது. 2025இல் அதனைத் தளர்த்த முனைந்தபோதுகூட, துப்பாக்கிக்கான சான்றிதழ் உள்ளவர் மட்டுமே அதனை வைத்திருக்கலாம் என்ற நிபந்தனையைக் கைவிட அந்த அரசாங்கம் விரும்பவில்லை. அதாவது, அங்கு தளர்வு என்பது கடுமையான துப்பாக்கிப் பதிவு ஒன்றின் மேல் நின்றுகொண்டு வழங்கப்படும் தளர்வு. வீட்டுக்கு வந்து இரும்புப் பெட்டியைப் பரிசோதிக்கும் பொலிஸார் உள்ள நாட்டின் தளர்வு அது.

நமது நிலைமை அதுவன்று. மூன்று தசாப்த காலப் போர் இந்த நாட்டில் விட்டுச்சென்ற ஆயுதங்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. 2005 ஜூலை 9ஆம் திகதி, சிறிய ஆயுதங்களை அழிக்கும் சர்வதேச தினத்தன்று, கொழும்பில் பல்லாயிரக்கணக்கான துப்பாக்கிகள் பகிரங்கமாக அழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய சிறிய ஆயுதங்கள் தொடர்பான மீளாய்வு மாநாட்டிற்கு இலங்கையின் பிரசாத் காரியவசமே தலைமை தாங்கினார். அந்தப் பெருமைக்குரிய நாட்களுக்குப் பின்னர் இருபது ஆண்டுகள் சென்றுவிட்டன. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, சட்டத்தரணி வேடமிட்டு வந்த ஒருவர், கொழும்பு அளுத்கடை நீதிமன்றத்தினுள்ளேயே கணேமுல்ல சஞ்சீவ எனப்பட்டவரைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி, உட்புறம் குடையப்பட்ட சட்டப் புத்தகம் ஒன்றினுள் மறைத்துக் கொண்டுவரப்பட்டிருந்தது. இராணுவத்திற்குரிய ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்தினரின் கைகளுக்குச் சென்றுள்ளதை அவ்வாண்டில் அரசாங்கத் தரப்பே ஒப்புக்கொண்டது. அதற்கு முன்னர், 2024ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்திருந்தது. துப்பாக்கியையே எண்ணி முடிக்காத நாட்டில் அதன் துணைக்கருவியை யார் எண்ணுவது?

புத்தகத்தின் பக்கங்களுக்குள் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவந்தவருக்கு ஓசையையும் மறைக்கும் கருவி கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, நமது பிரதேசத்தின் நிலையைப் பார்ப்போம். கம்பளையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், கலஹா முதல் நாவலப்பிட்டி வரை, தொளஸ்பாகை முதல் புசல்லாவை வரை, துப்பாக்கி என்ற பேச்சு எழுவது பெரும்பாலும் பயிரைப் பற்றிய பேச்சின் நடுவில்தான். குரங்குக் கூட்டம் தென்னையில் குரும்பையை விட்டுவைப்பதில்லை. முள்ளம்பன்றி மரவள்ளியைத் தோண்டிவிடுகிறது. காட்டுப் பன்றி ஒரே இரவில் வற்றாளைப் பாத்தியை உழுதுவிட்டுப் போகிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை, வீட்டு வளவுகளிலும் தோட்டங்களிலும் உள்ள குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணுமாறு அரசாங்கம் நாட்டு மக்கள் அனைவரையும் கேட்டுக்கொண்டது. அந்தக் கணக்கெடுப்பின் முறையைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் அப்படி ஒன்றை நடத்த வேண்டிய அளவுக்குப் பிரச்சினை முற்றியிருந்தது என்பதைக் கேலி செய்தவர்களும் மறுக்கவில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் மரக்கறிப் பாத்தி, முஸ்லிம் சிறுவர்த்தகரின் கராம்புத் தோட்டம், சிங்கள விவசாயியின் வாழைத் தோப்பு என்று விலங்குகள் வேறுபாடு காட்டுவதில்லை.

இந்தச் சூழலில், பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கியும் அதனோடு நவீன துணைக்கருவிகளும் வேண்டும் என்ற கோரிக்கை ஒருநாள் எழலாம். அப்போது நினைவிற்கொள்ள வேண்டிய உண்மைகள் இரண்டு. ஒன்று, பயிர்ப் பாதுகாப்புக்காக வழங்கப்படும் துப்பாக்கிகள் பொதுவாகச் சிதறு குண்டுகளைச் சுடும் பழைய வகையைச் சேர்ந்தவை. மேலே விவரித்த ரைபிள் இணைப்புகளில் எதுவும் அவற்றின் குழலுக்கு அப்படியே பொருந்துவதில்லை. எனவே ஒலியடக்கி இறக்குமதியால் உடனடியாகப் பயன்பெறப் போகிறவர் கம்பளையின் விவசாயி அல்லர். புரி வெட்டிய குழலுள்ள நவீன ஆயுதத்தைச் சட்டத்திற்கு வெளியே வைத்திருப்பவரே முதலில் பயன்பெறுவார்.

இரண்டாவது உண்மை இன்னும் எளிமையானது. நமது விவசாயிக்கு ஓசையே ஆயுதம். தகரத்தைத் தட்டுகிறார். கூக்குரல் எழுப்புகிறார். வெடி கொளுத்துகிறார். துப்பாக்கி வைத்திருப்பவர்கூடப் பெரும்பாலான வேளைகளில் வானத்தை நோக்கிச் சுடுவது, அந்த ஓசை அடுத்த மலையில் மோதித் திரும்பும்போது குரங்குக் கூட்டம் கலைந்து ஓட வேண்டும் என்பதற்காகத்தான். பின்லாந்தின் வேட்டைக்காரர் விலங்கை வெருட்டாமல் கொல்ல விரும்புகிறார். கம்பளையின் விவசாயி விலங்கைக் கொல்லாமல் வெருட்ட விரும்புகிறார். அவருக்குரிய கருவி இவருக்கு எதற்கு? செவிப்புலன் பற்றிய கவலை நியாயமானதே. அதற்குக் காதுகளை மூடும் கவசம் போதுமானது. அதற்கு உரிமமும் தேவையில்லை.

மலையகத்தில் ஓசையற்ற ஆயுதம் என்னவெல்லாம் செய்யும் என்பதை நாம் ஏற்கெனவே வேறொரு வடிவில் அறிந்திருக்கிறோம். கட்டுத் துவக்கும் கம்பிச் சுருக்குமே அவை. காட்டுப் பன்றிக்கென்று பாதையோரம் கட்டிவைக்கப்படும் துவக்கு, விறகு பொறுக்கப் போனவரின் காலைப் பதம் பார்க்கிறது. சுட்டவர் அந்த இடத்தில் இருப்பதில்லை. கட்டியவர் யாரென்று சொல்ல எவரும் முன்வருவதில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களில் உயிரிழந்தது. இலங்கையில் மிக அரிதாகவே காணப்படும் விலங்கு அது. அதனைக் கொல்ல வேண்டும் என்று எவரும் விரும்பவில்லை. ஆயினும் அது இறந்தது. பொறி, அதை வைத்த மனிதனைச் செயலிலிருந்து பிரித்துவிடுகிறது. ஒலியடக்கியோ செயலை அதன் சாட்சிகளிடமிருந்து பிரித்துவிடுகிறது. இரண்டிலும் இழக்கப்படுவது பொறுப்பு.

சாட்சி என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். மலைநாட்டில் வீடுகள் தூரத்தில் உள்ளன. லயன் காம்பராக்கள் ஒரு சரிவில், பொலிஸ் நிலையம் வேறொரு பள்ளத்தாக்கில். இரவில் ஒரு வெடியோசை கேட்டால், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பட்டாசா துவக்கா, ஒன்றா இரண்டா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டுப் பழகிய தலைமுறைகள் இங்கு உண்டு. 1983இலும், 1987 முதல் 1989 வரையான இருண்ட நாட்களிலும், 2018 மார்ச் மாதத்தில் திகனையிலும் கண்டியின் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோதும், எங்கோ தொலைவில் கேட்ட ஓசையே பலருக்கு முதல் எச்சரிக்கையாக அமைந்தது. சிறுபான்மை மக்களுக்குக் காது என்பது பாதுகாப்பின் ஒரு பகுதி. அந்த எச்சரிக்கையைப் பறிக்கும் எந்தக் கருவியையும் வெறும் விளையாட்டுப் பொருளாகவோ வேட்டைத் துணைக்கருவியாகவோ நாம் கருதிவிட முடியாது.

ஓசையைச் சட்டம் எப்படிக் கையாள வேண்டும் என்ற கேள்வி கம்பளைக்குப் புதியதுமல்ல. வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா, அம்பகமுவ வீதியிலுள்ள பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழங்கலாமா என்ற தகராறுதான், இந்த நகரத்தின் பெயரை இலங்கைச் சட்ட வரலாற்றில் பதித்தது. 1914ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவி, முஸ்லிம்களின் உயிர்களையும் உடைமைகளையும் பலிகொண்டது. காலனித்துவ அரசு பிறப்பித்த இராணுவச் சட்டத்தின் கீழ் சிங்களவர் பலரும் விசாரணையின்றி உயிரிழந்தனர். அதற்கு அடுத்த ஆண்டில் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நாம் கூறவில்லை. ஆனால் அன்று இரு தரப்பினருமே ஓர் உண்மையை உணரத் தவறினர். ஓசை எழுப்பும் உரிமையும் ஓசையிலிருந்து விலகியிருக்கும் உரிமையும் அயலவரோடு பேசித் தீர்க்க வேண்டியவை என்பதே அந்த உண்மை. ஒரு தரப்பு தனக்கு மட்டும் வசதியாக ஓசையைக் கூட்டவோ குறைக்கவோ முனைந்தால் மற்றத் தரப்பின் நம்பிக்கை உடைகிறது. துப்பாக்கியின் ஓசை விடயத்திலும் இது பொருந்தும். சட்டபூர்வமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர், தான் சுட்டதை அயலவர் அறிவதில் வெட்கப்படவோ அஞ்சவோ காரணமில்லை.

ஆகவே 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அடுத்த தடவை திருத்தத்திற்கு எடுத்துக்கொள்ளப்படும்போது, நாடாளும் தரப்பினரும் நமது மக்கள் பிரதிநிதிகளும் சில விடயங்களை வலியுறுத்துதல் நலம்.

முதலாவதாக, ஒலியடக்கி என்பது ஐயத்திற்கிடமின்றி, தெளிவான வரைவிலக்கணத்துடன், கட்டுப்படுத்தப்பட்ட பொருளாகச் சட்டத்தில் இடம்பெற வேண்டும். முழுக் கருவியை மட்டும் குறிப்பிட்டால் போதாது. துரித இணைப்பிற்கான இடைப்பாகங்களும், ஓசையைக் குறைக்கும் நோக்கத்துடன் கொண்டுவரப்படும் ஏனைய இணைப்புப் பாகங்களும் அந்த வரைவிலக்கணத்தினுள் அடங்க வேண்டும். கருவி பாகங்களாகப் பிரிந்து சிறு பொதிகளில் வரும் காலத்தில், முழுக் கருவியை மட்டும் தேடும் சுங்க அதிகாரிக்கு எதுவும் அகப்படாது.

இரண்டாவதாக, விதிவிலக்கு அளிப்பதாயின் அது நிறுவனத்திற்கு அளிக்கப்பட வேண்டுமேயன்றித் தனிநபருக்கல்ல. வனஜீவராசிகள் திணைக்களம் போன்ற அரச நிறுவனங்களுக்கு, மக்கள் குடியிருப்புகளின் அருகில் விலங்குகளைக் கையாளும்போது குறைந்த ஓசை தேவைப்படலாம். அவ்வாறான சந்தர்ப்பத்தில் இலக்கமிடப்பட்ட ஒரு கருவி, இலக்கமிடப்பட்ட ஒரு துப்பாக்கிக்கு மட்டும் உரியது என்ற விதி இருக்க வேண்டும். பல துப்பாக்கிகளுக்கிடையே மாறிமாறிச் செல்லும் இணைப்பு முறையை அங்கும் தவிர்ப்பதே பொருத்தமானது. நேரடித் திருகு அல்லது உள்ளிணைந்த அமைப்பு வேகத்தில் பின்தங்கியிருக்கலாம். கணக்கில் அவை முன்னிற்கின்றன. அரச ஆயுதத்தைப் பொறுத்தவரை கணக்கே முக்கியமானது.

மூன்றாவதாக, துப்பாக்கி உரிமங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்போது, குழலின் வாயையும் பார்வையிட்டுப் பதிவு செய்யும் ஒரு வழக்கம் ஏற்பட வேண்டும். புதிதாகப் புரி வெட்டப்பட்டிருக்கிறதா, இடைப்பாகம் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதைக் காண்பதற்கு நவீன ஆய்வுகூடம் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஓர் அதிகாரியின் கண்ணும் ஒரு படிவத்தில் இரண்டு வரிகளும் போதும்.

நான்காவதாக, இவற்றையெல்லாம் சட்டப் புத்தகத்தில் எழுதிவிட்டு விவசாயியை அவர் பாட்டில் விட்டுவிடக் கூடாது. கட்டுத் துவக்கைத் தடைசெய்த சட்டம் கட்டுத் துவக்கை ஒழிக்கவில்லை. காரணம், அதனைக் கட்டுபவருக்கு வேறு வழி காட்டப்படவில்லை. வேலி, உரிய காலத்தில் கிடைக்கும் நட்டஈடு, தோட்டக் குப்பைகளையும் நகரக் கழிவுகளையும் விலங்குகள் நாடாதவாறு அகற்றும் ஏற்பாடு ஆகியவையே பயிரையும் உயிரையும் ஒருசேரக் காக்கும். தோட்டக் கம்பெனிகளும் பிரதேச சபைகளும் இதில் தமக்குப் பங்கில்லை என்று ஒதுங்கி நிற்பது இனியும் பொருந்தாது.

நியூஸிலாந்து நமக்கு ஒரு பாடத்தைத் தந்திருக்கிறது. 2019 மார்ச் 15ஆம் திகதி கிறைஸ்ட்சேர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்தோர் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் 51 பேர் உயிரிழந்தனர். ஒரு மாதத்திற்குள்ளாகவே அந்நாட்டுப் பாராளுமன்றம் இராணுவ வகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டத்தை 119 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தது ஒரே ஒரு வாக்கு. அந்த ஒற்றுமை போற்றத்தக்கது. ஆனால் அந்தச் சட்டம் ஜனாஸாக்களுக்குப் பின்னர் வந்த சட்டம். ஜனாஸாக்களுக்கு முன்னர் சட்டமியற்றும் வாய்ப்பு எல்லா நாடுகளுக்கும் கிடைப்பதில்லை.

ஒலியடக்கி விடயத்தில் அந்த வாய்ப்பு இன்று நமக்கு உள்ளது. இக்கருவி நமது மலைகளில் இன்னும் பழக்கப்பட்ட பொருளாகிவிடவில்லை. அதற்கென ஒரு சந்தையோ, அதனைக் காப்பாற்றக் குரல் எழுப்பும் வர்த்தக அமைப்புகளோ இங்கு உருவாகவில்லை. ஒரு பொருளுக்குப் பயனாளிகளும் வியாபாரிகளும் பெருகிய பின்னர் அதனைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. பெருகுவதற்கு முன்னர் கட்டுப்படுத்துவதற்குச் செலவு குறைவு. கண்ணீரும் குறைவு.

அம்புலுவாவ மலையடிவாரத்தில் எங்கேனும் ஒரு துப்பாக்கி வெடித்தால், அந்த ஓசை மகாவலியைத் தாண்டி மறுகரையிலும் கேட்க வேண்டும். கேட்டவர் யார் சுட்டது, எதற்காகச் சுட்டது என்று வினவ வேண்டும். அந்த வினாவுக்குப் பதிலளிக்கும் கடமை சுட்டவருக்கு இருக்க வேண்டும். அக்கடமையிலிருந்து எவரும் நழுவ முடியாதவாறு சட்டத்தைச் செம்மைப்படுத்துவது, பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்கும் நமது பிரதிநிதிகளின் பொறுப்பாகும்.